நம் வரிசையில் அமர்ந்த துரை

நூக்காவா,
மார்ச் 9, 1932

என் தம்பி மொவானோவாவுக்கு,

நீ உயிரோடும் சுகத்தோடும் இருக்க வேண்டும். உன் மனைவி தினாய்க்கு இருமல் விட்டதா? கடிதம் என்றால் முதலில் 'நாங்கள் இங்கே சுகம்' என்று எழுத வேண்டும் என மிஷன் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

உன் அத்தான் கபுனாரேயைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. இயோத்தெபா செத்துப்போனான். பக்கத்து நிலத்துக்காரன், கள் இறக்கும்போது ஊரே கேட்கப் பாடுவானே, அவன்தான். எனக்குப் பிள்ளை இல்லாததை வைத்து ஒரு பாட்டுக் கட்டி மரத்தின் மேலிருந்து பாடினான். "கபுனாரே தொட்ட மரத்துல பாளையே வராதாம்" என்று. கீழே பெண்கள் சிரித்தார்கள். இவர் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் போனார். இயோத்தெபா மரத்தை விட்டு இறங்கினான், வாய்ச்சண்டை முற்றியது, இவர் கையில் பாளை சீவுகிற கத்தி இருந்தது. அது எந்த ஆண்பிள்ளை கையில்தான் இல்லை?

செத்தவனுடைய தம்பி நபுத்தி, இவர் தாழைப் புதருக்குப் பின்னால் ஒளிந்து காத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். சண்டையில் வெட்டினால் சிறையாம், ஒளிந்திருந்து வெட்டினால் தூக்காம். போலீஸ்காரன் சொன்னான். ஒளிந்திருந்தாரா இல்லையா என்று என்னைக் கேட்காதே.

தம்பி, அவரை உன் ஊருக்குத்தான் கப்பலில் கொண்டு வருகிறார்கள். நீ ஃபென்விக் துரையின் கச்சேரியில் தலைமை எழுத்தன். வழக்கில் பாஷை மாற்றிச் சொல்கிறவனும் நீதான். துரையிடம் கேள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. தென்னையில் கயிறு கட்டி ஏறுகிறவர்களைப் பார்த்தால்கூடக் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

உனக்கு நலமும் அமைதியும் உண்டாகட்டும்.
உன் அக்கா,
ரக்கேரா

*

தராபேத்தி,
ஏப்ரல் 2, 1932

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும், உன் கிழங்குக் குழியில் தண்ணீர் வற்றாமல் இருக்க வேண்டும். தினாய்க்கு இருமல் குறைந்திருக்கிறது. இங்கே மழை இல்லை.

அத்தான் வந்து சேர்ந்துவிட்டார். சாப்பாடு நான்தான் கொண்டுபோகிறேன். மீன் தலையை இன்னும் விடாமல் சப்பிச் சாப்பிடுகிறார். அதைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்து நிற்கிறேன்.

துரையிடம் கேட்கச் சொல்கிறாய். இந்தக் கடிதமும் கச்சேரித் தபால் பையில்தான் வருகிறது, அதை மனதில் வைத்துக்கொண்டு படி. துரைக்கு லண்டனிலிருந்து தாக்கல் வந்திருக்கிறது. இனி அவருக்கு இந்தத் தீவுகள் இல்லை. வேறொரு கடலில், பெரிய நாட்டுக்குக் கவர்னர். தலையில் இறகு வைத்த தொப்பி போடுவாராம். வந்த அன்று ஓடத்தில் வாந்தி எடுத்தபடியே நூக்காவாவில் கரையேறிய பையனை நினைத்துப் பார்த்தேன். வேலை பழகுகிற சின்ன அதிகாரியாக வந்தார், ஒரு தீவுக்கு நீதிபதியானார், பிறகு இந்தத் தீவுக்கூட்டம் முழுவதும் அவர் கையில். நல்லவர்தான். சாலை போட்டார், நிலச் சண்டைகளைத் தீர்த்தார், நம் பாஷையை நம் கிழவர்கள் பேசுகிற மாதிரி பேசுகிறார். அப்படிப்பட்டவர் மேல் இந்த நேரத்தில் ஒரு சின்னக் கறையும் படக்கூடாது என்று எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். அவரும்.

அதனால் கேட்காதே, அக்கா. நானும் கேட்கவில்லை.

அமைதி உண்டாகட்டும்.
மொவானோவா

*

நூக்காவா,
ஏப்ரல் 27, 1932

தம்பிக்கு,

நீயும் தினாயும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன், இரண்டாம் தடவை திட்டினேன். வாயில் கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறாயே, உனக்கு என்ன வந்தது?

ஊருக்குத்தான் அவர் ஃபென்விக் துரை. நமக்கு பெனவிக்கி அண்ணன். அப்பா அவரைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டு, கையில் நம் குலத்துப் பச்சை குத்தியபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுததும், நீ அவர் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் மறந்துபோச்சா? ஊர்க்கூடத்தில் நம் குலத்து வரிசையில் அப்பாவின் பக்கத்தில் அவருக்கு இடம் கொடுத்தோம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தானே அவர் தன் நாட்டில் பேர் வாங்கினார்!

நம் வரிசையில் உட்காருகிறவரிடம் நான் புபுத்தி வைத்தால் அவர் இல்லை என்று சொல்ல முடியாது. கூடத்தில், எல்லோர் முன்னாலும், கைநீட்டி, 'இதை எனக்குக் கொடு' என்று உறவு கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மறுத்தவன் அப்புறம் மனிதர் முகத்தில் விழிக்க முடியாது. உன் புதுப் பாயை நான் அப்படித்தானே வாங்கினேன், ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாயே!

நீ கேட்காவிட்டால் போ. அவர் ஒருநாள் நூக்காவாவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? அன்று நான் கேட்கிறேன்.

உன் கோழை மனதுக்கும் சேர்த்து நலம் உண்டாகட்டும்.
அக்கா

*

நூக்காவா,
ஜூன் 3, 1932

தம்பிக்கு,

நீ சுகந்தானே? தினாய் சுகந்தானே? கொப்பரை ஏற்ற இரண்டு கப்பல்கள் வந்துபோய்விட்டன. கடிதம் இல்லை. மாலுமிகளிடம் விசாரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒருவன் மட்டும், "உங்க தம்பியைப் பாத்தேன்க்கா, இளைச்சுட்டாரு" என்றான்.

போன தடவை கோழை என்று எழுதினேன். கோபத்தில் எழுதியது. அழித்துவிட்டதாக நினைத்துக்கொள்.

நபுத்தியையும் உன் ஊருக்குச் சாட்சி சொல்லக் கூட்டிப் போனார்கள். போகும்போது என் வாசலில் நின்று, "பாத்ததைத்தான் சொல்லப்போறேன், ஏசாதே" என்றான். ஏசத்தான் நினைத்தேன். உள்ளே போய்விட்டேன். ஒரு வரியாவது எழுது.

அக்கா

*

தராபேத்தி,
ஜூன் 21, 1932

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு படி.

விசாரணை முடிந்துவிட்டது. துரைக்கு நம் பாஷை தெரியும், ஆனால் சட்டத்துக்குத் தெரியாதே. அதனால் அவர் தன் பாஷையில் தீர்ப்பைச் சொல்ல, அத்தானின் முகத்தைப் பார்த்து அதை நான்தான் நம் பாஷையில் சொன்னேன். "உன் உயிர் போகும் வரை கழுத்தில் தூக்கிலிடப்படுவாய்." என் வாயாலேயே சொன்னேன். அத்தான், "சரி" என்றார். அப்புறம், "ரொம்ப நேரமா நிக்கிறியே மச்சான், கால் வலிக்கலியா?" என்று கேட்டார்.

நபுத்தி இங்கே வந்த அன்றே அவன் சொன்னதை எழுதி எடுத்தது என் கை. தாழைப் புதர், ஒளிந்து நின்றது, எல்லாம். அவன் சொன்னதைத்தான் எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

தீர்ப்பு உடனே நடக்காது. பீஜியில் இருக்கிற பெரிய அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். துரை தன் குறிப்பை எழுதி அனுப்ப வேண்டும், இன்னும் எழுதவில்லை. முதலில் எல்லாத் தீவுகளுக்கும் போய் விடைபெறப் போகிறாராம். நூக்காவாவுக்கும் வருகிறார்.

ராத்திரியில் எனக்கு வியர்க்கிறது. காய்ச்சல் இல்லை என்று தினாய் சொல்கிறாள்.

மொவானோவா

*

தராபேத்தி,
ஜூலை 10, 1932

அக்கா,

சுகமாக இரு. இதைக் கொப்பரைக் கப்பல் சமையல்காரன் கையில் கொடுத்தனுப்புகிறேன், தபாலில் அல்ல. படித்ததும் அடுப்பில் போடு.

துரையோடு சிட்னியிலிருந்து ஒரு பத்திரிகைக்காரன் வருகிறான், படம் பிடிக்கிற பெட்டியோடு. 'தீவுக்காரர்கள் தங்கள் குலத்தில் சேர்த்துக்கொண்ட வெள்ளைக்காரர்' என்று துரையைப் பற்றி எழுதப்போகிறானாம். என்னைத் துரை கூட்டிவரவில்லை. இத்தனை வருஷத்தில் என்னை விட்டுவிட்டு அவர் கப்பல் ஏறுவது இதுதான் முதல் தடவை.

நேற்று என்னைக் கூப்பிட்டு, "நபுத்தி சாட்சியத்தை எழுதினது யார் கை?" என்று கேட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். "நான்தான், துரை" என்றேன். "அப்போ வேற யாரும் கூட இல்லே, இல்லையா?" என்றார். "நீங்க இருந்தீங்களே, துரை" என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஞாபகம் இல்லியே" என்றார்.

அவர் கூடத்தில் எங்கே உட்காருகிறார் என்று பார். வடக்குத் தூணடியில் விருந்தாளிகள் இடத்தில் உட்கார்ந்தால் அவர் நமக்கு யாரும் இல்லை, நீ கேட்க முடியாது. நம் வரிசையில் உட்கார்ந்தால் கேட்கலாம். ஆனால் அப்போதும் கேட்காதே, அக்கா. புபுத்தி ஒரு பக்கம் மட்டும் வீசுகிற காற்று இல்லை. கொடுத்தவருக்குத் திருப்பிக் கேட்கிற உரிமை உண்டு. நம் வழக்கத்தை நம்மைவிட நன்றாகப் படித்தவர் அவர்.

என் உயிருக்குப் பயந்து அத்தானைச் சாகவிடுகிறேன் என்று நினைப்பாய். அப்படித்தானோ என்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருக்கிறது. அவ்வளவுதான் தெரியும்.

மொவானோவா

*

நூக்காவா,
ஆகஸ்ட் 5, 1932

என் செல்லத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும், நூறு தடவை சுகமாக இருக்க வேண்டும்! தினாயிடமும் இதைப் படித்துக் காட்டு. உன் அத்தான் பிழைத்துக்கொண்டார். உன் பயத்தை எடுத்துக் காயலில் போடு.

நான் கேட்டுவிட்டேன். கேட்காமல் எப்படி இருப்பேன்? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

கூடம் நிரம்பி வழிந்தது. ஒவ்வொரு குலமும் தன் தன் வரிசையில். நபுத்தியின் ஆட்கள் தெற்கே, எங்களைப் பார்க்காமல். பெனவிக்கி குனிந்து நுழைந்து, உள்ளே வந்து நின்றார். எவ்வளவு நரைத்துவிட்டார்! வடக்குத் தூணைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்தும் வைத்தார். அப்போது அந்தப் பத்திரிகைக்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் என்னவோ சொல்லிச் சிரித்தான். அவரும் சிரித்தார். திரும்பி நடந்து வந்து, நம் வரிசையில், அப்பா உட்கார்ந்த இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஊரே ஆரவாரம் செய்தது. பெட்டி பளிச்சென்று மின்னியது.

பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளினாள். "கேளுடி. எந்திரிச்சுட்டாருன்னா போச்சு."

"அண்ணே" என்றேன்.

"என்ன தங்கச்சி?" என்றார்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளேன்."

"என் புருஷனை எனக்குக் குடுங்க, அண்ணே."

கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். அவர் பத்திரிகைக்காரனைப் பார்த்தார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, அடுத்த படத்துக்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு அண்ணன், "குடுத்தேன்" என்றார். நான் அழுததை நீ பார்த்திருக்க வேண்டும். நபுத்தியின் ஆட்கள் எழுந்து போய்விட்டார்கள். அது எனக்கு உறுத்தியது, ஆனாலும் அழுதேன், சிரித்தேன்.

மறுநாள் காலையில் அவர் தனியாக நம் வீட்டுக்கு வந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "தங்கச்சி, இப்ப என் முறை" என்றார்.

"தாராளமாக் கேளுங்க அண்ணே. பன்றியா, பாயா, நிலமா?"

"மொவானோவாவை எனக்குக் குடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவுதானா! கூட்டிட்டுப் போங்க. அந்தக் கடலுக்கு அப்பாலயா?"

"ஆமா. ரொம்ப தூரம்."

"குளிருமாமே. ஒரு கோட்டு வாங்கிக் குடுங்க. எங்கிட்ட பாய் பறிகொடுத்தவன், பாவம்."

அவர் சிரிக்கவில்லை. இளநீரைக் கீழே வைத்துவிட்டு, "குடுத்தியா?" என்று கேட்டார். "குடுத்தேன் அண்ணே" என்றேன். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவள் நான்தானே, கொடுக்கிற உரிமை எனக்குத்தானே.

பார்த்தாயா? உன்னைப் பெரிய நாட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறார். தினாயையும் அழைத்துக்கொண்டு போ. போகிற வழியில் கப்பலை இங்கே நிறுத்தச் சொல்.

மகிழ்ச்சியோடு,
அக்கா

*

தராபேத்தி,
செப்டம்பர் 18, 1932

அக்காவுக்கு,

சுகமாக இரு. இதுவும் அந்தச் சமையல்காரன் கையில்தான் வருகிறது. நான் கோட்டுப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். நீ கேட்டபடி கொடுத்துவிட்டார்கள். முதுகில் சிறை எண் போட்டது.

துரை திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கச்சேரியில் அவர் எதிரில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. "உன் அக்கா உன்னை எனக்குக் குடுத்துட்டா, மொவானோவா" என்றார். மேசையில் ஒரு காகிதம் எழுதித் தயாராக இருந்தது. அத்தான் மேல் எனக்குப் பழைய பகை, அதனால் நபுத்தியை மிரட்டி, 'ஒளிந்திருந்தான்' என்று சொல்லவைத்து, நானே அதைச் சாட்சியத்தில் சேர்த்தேன் என்று. நான் கையெழுத்துப் போட்டால் அந்தச் சாட்சி விழுந்துவிடும். தூக்கு போய், சண்டையில் வெட்டினதற்கான சிறையாகும். துரை மச்சினனை விடுவித்தார் என்று ஒருவரும் சொல்ல முடியாது. எழுத்தன் செய்த மோசடியைக் கண்டுபிடித்து நீதி செய்தார் என்றுதான் பீஜிக்குப் போகும். லண்டனுக்கும் போகும்.

"நபுத்தி இதுக்கு ஒத்துக்குவானா?" என்றேன்.

"அவனுக்கு ஒரு நிலத் தகராறு கிடக்கு. ஒத்துக்குவான்."

"நான் மாட்டேன்னு சொன்னா?"

"அப்ப உங்க அக்காவுக்குக் குடுத்ததை நான் எப்படிக் குடுக்கிறது? நீயே ஒரு வழி சொல்லு. கேட்டுக்கிறேன்."

உண்மையாகவே கேட்டார், அக்கா. அவர் கண் கலங்கியிருந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பொய்ச்சாட்சி தயாரித்ததற்குப் பீஜிச் சிறை, பல வருஷம். அத்தான் தண்டனையை நூக்காவாவிலேயே சாலை வேலை செய்து கழிப்பார், சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். இன்று என்னைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். எனக்கு ஆழ்கடல் பயம், உனக்குத் தெரியும். அடிக்கிறவர்களைக் கண்டால் பயம். அங்கே நம் பாஷை பேச ஒருவரும் இல்லாமல் செத்துப்போவேனோ என்று அதைவிடப் பயம். உன் மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது.

ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். நீ என்னை எடுத்துக் கொடுத்துவிட்டாய். வழக்கப்படி உன்னிடம் கேட்கிற முறை இப்போது என்னுடையது. நான் இன்னும் கேட்கவில்லை.

தினாய் தன் தாய்வீட்டுக்குப் போகிறாள்.

மொவானோவா

*

கவர்னர் மாளிகை,
நவம்பர் 30, 1932

என் அன்புத் தங்கை ரக்கேராவுக்கு,

உனக்கு நலமும் அமைதியும் நிறைவும் உண்டாவதாக. நம் மூதாதையர் சொன்னபடி, உன் ஓடம் எப்போதும் காற்றைக் காணட்டும். நான் சுகம். இங்கே மலைகள் உள்ளன. எங்கு நின்றாலும் கடல் தெரியாதது எனக்குப் பழகவில்லை.

இறகுத் தொப்பி தலையை அழுத்துகிறது. சிட்னி நண்பரின் கட்டுரை வந்துவிட்டது, நம் வரிசையில் நான் அமர்ந்திருக்கும் படத்தோடு. இங்கே எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பக்கத்தில் உன் கை மட்டும் நீண்டு தெரிகிறது. அந்தக் கை யாருடையது என்று கேட்கிறவர்களுக்கு, 'என் தங்கையுடையது' என்று சொல்கிறேன்.

கபுனாரே நலமாக வந்து சேர்ந்திருப்பான். நம்மவர்களைப் போலத் திறந்த கையோடு கொடுப்பவர்களை நான் உலகில் வேறெங்கும் கண்டதில்லை. வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

உன் அண்ணன்,
பெனவிக்கி

*

நூக்காவா,
பிப்ரவரி 14, 1933

தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். உயிரோடு இருக்க வேண்டும். இருமல் இருக்கக்கூடாது. பீஜியிலிருந்து வந்த மாலுமி நீ இருமுகிறாய் என்றான். இதை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

தினாய்க்கு இரண்டு தடவை கருவாடும் தாழம்பழப் பாகும் அனுப்பினேன். இரண்டு தடவையும் திரும்பி வந்தது. பெனவிக்கியின் கடிதமும் வந்தது. எல்லாவற்றையும் கொடுத்தவர் போல எழுதியிருக்கிறார். ஒன்றும் கொடுக்கவில்லை, தம்பி. என்னிடமிருந்தே எடுத்து எனக்கே கொடுத்திருக்கிறார்.

உன் அத்தான் சாலை வேலை முடிந்து சாயங்காலம் வருகிறார். சாப்பிடுவதில்லை. போன வாரம் வாசலில் நின்றபடியே சொன்னார்: "நான் ஒளிஞ்சுதான் நின்னேன், ரக்கேரா. உனக்கும் தெரியும். இருட்டோடவே நான் எந்திரிச்சுப் போனதை நீ பாத்துக்கிட்டுத்தானே படுத்திருந்தே?"

"மெதுவாப் பேசுங்க" என்றேன்.

"புது துரை அடுத்த கப்பல்ல வர்றாராம். அவர்கிட்ட சொல்லிடறேன். மச்சான் அங்க செத்துக்கிட்டு இருக்கான். எனக்குத் தின்னது இறங்கல."

சொன்னால் உன்னை விட்டுவிடுவார்கள். இவரைத் தூக்கில் போடுவார்கள். எனக்கு இரண்டும் தெரியும். அப்படியே தரையில் உட்கார்ந்து அவரிடம் கைநீட்டினேன். "உங்க வாயை எனக்குக் குடுங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. புபுத்தியாக் கேக்கிறேன்." கடைசியில், "குடுத்தேன்" என்றார். அன்றிலிருந்து என்னோடும் பேசுவதில்லை.

இந்த முறை தெரிந்துதான் செய்தேன், தம்பி. யாரும் என்னை ஏமாற்றவில்லை.

நேற்று கப்பலில் உன் கடிதம் வந்தது. உன் கையெழுத்துத்தான், கொஞ்சம் கோணியிருக்கிறது. பிரிக்கவில்லை. போதகர், "கண்ணு தெரியலியாம்மா, நான் படிக்கட்டுமா?" என்று கேட்டார். அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீ சுகம் விசாரித்து மட்டும் எழுதியிருக்கலாம். இல்லாவிட்டால் உன் முறையைக் கேட்டிருக்கலாம், அத்தான் வாயைத் திறக்கவிடு என்று. நீ கேட்டால் நான் மறுக்க முடியாது. படித்தால் கேட்டதாக ஆகிவிடும். படிக்காதவரை நீ இன்னும் கேட்கவில்லை.

பன்றி கேள், நிலம் கேள், என் வீட்டைக் கேள், அதையெல்லாம் உன் தினாயின் பேருக்கு எழுதிக் கொடுக்கிறேன். வருகிற ஒவ்வொரு கப்பலும் எனக்குப் பயமாக இருக்கிறது. தபால் பையைக் கண்டால் வீட்டுக்குள் போய்விடுகிறேன்.

நீ சுகமாக இருக்க வேண்டும். உனக்கு நலமும் அமைதியும் உண்டாகட்டும். எனக்கு இனிமேல் எழுதாதே.

உன் அக்கா,
ரக்கேரா